‘போர்டு கயா’ என்று சொன்னால் போதுமா?

குர்லா கிழக்கு நேரு நகரில் இருக்கும் என் அக்கா மகள், ஜூலை மழையில் ஒரு ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிட்டாள். “மாமா, லேப்டாப் மேல சாய் கொட்டிடுச்சு. உடனே துடைச்சிட்டேன். ஓடுது, ஆனா சார்ஜ் ஏறல.” எத்தனை தடவை சார்ஜரைச் செருகிப் பார்த்தாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. “அஞ்சாறு தடவை இருக்கும்.”

கொட்டியது ஒரு கட்டிங், அரை கிளாஸ். அதோடு விட்டிருந்தால் பெரும்பாலும் பிழைத்திருக்கும். அந்த அஞ்சாறு தடவைதான் மதர்போர்டைச் சுட்டது.

சார்ஜரிலிருந்து வரும் 19 அல்லது 20 வோல்ட் நேராக பேட்டரிக்குப் போவதில்லை. நடுவில் சார்ஜிங் ஐசி என்ற சில்லு உட்கார்ந்து, எவ்வளவு விடுவது, எப்போது நிறுத்துவது என்று கணக்குப் பார்க்கிறது. அதைச் சுற்றி கடுகளவு உதிரிகள். அவற்றின் கால்களுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளிகூடக் கிடையாது. பாலும் சர்க்கரையும் கலந்த டீ அந்த இடைவெளியை நிரப்பிவிடுகிறது. அதில் மின்சாரம் ஓடினால் செம்பு அரித்துப் பச்சை பூக்கிறது. பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பை வைத்தால் ஏறுமே, அந்தக் களிம்புதான். பாத்திரத்தில் அதற்கு ஒரு ராத்திரி ஆகும். மின்சாரம் ஓடும் போர்டில் சில நிமிடங்களே போதும்.

லேப்டாப்பை அணைத்துவிட்டால் மின்சாரம் நின்றுவிடும் என்று நினைக்கிறோம். நிற்பதில்லை. பேட்டரி உள்ளே கோர்த்திருக்கும்வரை போர்டின் சில பகுதிகளில் எந்நேரமும் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். பவர் பட்டனை அழுத்தினால் விழிக்க வேண்டுமே. ஆகவே அணைத்து மூலையில் வைத்த லேப்டாப்புக்குள்ளும் அரிப்பு நடக்கிறது. தண்ணீர் காய்ந்துவிடும், சர்க்கரை அங்கேயே ஒட்டிக்கொள்ளும். மும்பையின் மழைக்காலக் காற்றில் அந்தப் பிசின் திரும்பத் திரும்ப ஈரம் இழுக்கும். ‘ஒரு வாரம் நல்லா ஓடிச்சு, அப்புறம்தான் போச்சு’ என்று பலர் சொல்வது இதனால்தான்.

கொட்டிய உடனே செய்ய வேண்டியது கொஞ்சம்தான். முதலில் சுவரில் சுவிட்சை அணைத்து, பிறகு சார்ஜரைப் பிடுங்குங்கள். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். எழுதிக்கொண்டிருந்த ஃபைல் போனாலும் போகட்டும். பென் டிரைவ், மவுஸ் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கீபோர்டு கீழ்ப்பக்கம் பார்க்கும்படி கூடாரம் போலக் கவிழ்த்து வையுங்கள். கழற்றக்கூடிய பேட்டரி என்றால் கழற்றுங்கள். இப்போது வருகிற பெரும்பாலான லேப்டாப்களில் அது உள்ளே இருக்கும். அன்றைக்கோ மறுநாள் காலையோ திறந்து பேட்டரி கனெக்டரை எடுத்துவிடுகிற ஆளிடம் கொண்டுபோக வேண்டும். ஹேர் டிரையர் வேண்டாம், அது ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளும். அரிசி மூட்டையும் வேண்டாம். நனைந்த போனை அரிசிப் பையில் போடாதீர்கள், துகள்கள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே 2024-இல் சொல்லிவிட்டது. அரிசியால் போர்டில் ஒட்டிய பால் ஆடையை எடுக்கவும் முடியாது. அதற்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பிரஷ்ஷும், தேவைப்பட்டால் அல்ட்ராசோனிக் தொட்டியும் வேண்டும்.

போர்டைக் கழுவிக் காய வைத்த பிறகும் சார்ஜ் ஏறவில்லை என்றால், கோளாறு எங்கே என்று ஓரளவு நாமே ஊகிக்கலாம். கடைக்காரர் சொல்வதைச் சரிபார்க்க இது உதவும். சார்ஜரில் எரியும் சின்ன விளக்கு, லேப்டாப்பில் செருகியதும் அணைகிறதா? போர்டில் எங்கோ ஷார்ட். மறுபடி செருகவே கூடாது. லேப்டாப்பில் செருகாமலே எரியவில்லை என்றால் சார்ஜரையோ பிளக் பாயிண்டையோ பாருங்கள். சார்ஜரில் ஓடுகிறது, ஆனால் பேட்டரியே இல்லை என்று காட்டுகிறது என்றால் பேட்டரி கனெக்டரைச் சந்தேகியுங்கள். அதில் மின்சாரம் போகும் ஊசிகளோடு, பேட்டரியும் போர்டும் பேசிக்கொள்ளும் ஊசிகளும் உண்டு. பேச்சு அறுந்தால் நல்ல பேட்டரியையும் போர்டு ஏற்காது. டைப்-சி சார்ஜர் என்றால் இன்னொரு சிக்கல்: அது முதலில் 5 வோல்ட்தான் தரும், லேப்டாப் கேட்டால்தான் 20 வரை ஏற்றும். கேட்கிற ஊசியில் களிம்பு பிடித்திருந்தால் ‘ஸ்லோ சார்ஜர்’ என்று திரையில் வரும். பக்கத்து டைப்-சி துளையில் செருகிப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும். 80 சதவீதத்தில் நின்றால் பதற வேண்டாம். பேட்டரி ஆயுளுக்காக அங்கேயே நிறுத்தும் செட்டிங் பல லேப்டாப்களில் இருக்கிறது.

பயப்பட வேண்டியது பேட்டரிக்குத்தான். லித்தியம் செல்லுக்குள் ஷார்ட் ஆனால் சூடேறும், சூடு மேலும் சூட்டைக் கிளப்பும், பிறகு நாம் நிறுத்த முடியாது. டச்பேட் மேலெழும்புகிறது, மூடி சரியாக மூடவில்லை, அணைத்து வைத்த லேப்டாப் சுடுகிறது, பெயிண்ட் தின்னர் மாதிரி இனிப்பான நெடி வருகிறது: இதில் ஒன்று தெரிந்தாலும் சார்ஜ் போடக்கூடாது. உப்பின பேட்டரியை அமுக்குவது, ஊசியால் குத்திக் காற்றை விடுவது எல்லாம் தற்கொலை வேலை. தாராவியிலும் குர்லாவிலும் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் மெத்தை மேல்தான் லேப்டாப் சார்ஜ் ஆகிறது, நாலடி தள்ளி கேஸ் சிலிண்டர். மெத்தை சூட்டை வெளியே விடாது. நனைந்த லேப்டாப்பை ராத்திரி பூராவும் சார்ஜில் போட்டுவிட்டு அந்த அறையில் தூங்காதீர்கள். புகை வந்தால் மெயினை அணைத்து, ஆட்களை வெளியேற்றி, 101-ஐ அழையுங்கள்.

அடுத்தது கடை. நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குப் போனால் உள்ளே ஒட்டியிருக்கும் வெள்ளை ஸ்டிக்கரைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஈரம் பட்டால் அது சிவப்பாகும். ஆகவே ‘தானா நின்னுபோச்சு’ என்று கதை சொல்லிப் பயனில்லை. சாதாரண வாரண்டியில் திரவம் பட்ட சேதம் சேராது என்பது உண்மை. ஆனால் லேப்டாப் வாங்கும்போது தனியாகப் பணம் கட்டி ‘ஆக்சிடென்டல் டேமேஜ்’ பாதுகாப்பு எடுத்திருந்தால் அதில் சேர்வதுண்டு. கட்டியதையே மறந்துபோனவர்கள் நிறையப் பேர். பழைய பில்லைத் தேடுங்கள். எத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் படியுங்கள். அது காப்பீட்டுப் பாலிசியாக இருந்து, எழுத்தில் தந்த புகாரைக் காப்பீட்டு நிறுவனம் மறுத்தாலோ ஒரு மாதம் பதில் தராவிட்டாலோ, இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணமில்லாமல் போகலாம். அங்கே பொய் வாக்குமூலம் உங்களையே கவிழ்க்கும். டீ கொட்டியது என்றால் டீ கொட்டியது என்றே எழுதுங்கள்.

ஜாப் ஷீட்டில் ‘லிக்விட் டேமேஜ்’ என்று எழுதியதும் வாரண்டி முடிந்தது சரி, உரிமையும் முடிந்தது என்று பேசுகிறார்களே, அதுதான் தவறு. எந்த இடத்தில் ஈரம், எந்தப் பாகம் போனது என்று படத்தோடு எழுத்தில் கேளுங்கள். கீபோர்டு ஓரத்தில் ஒரு கறை இருப்பதால், முன்பிருந்தே பழுதான பேட்டரிக்கும் அந்தக் கறையே காரணம் ஆகிவிடாது. வழக்கென்று வந்தால், பரிசோதித்துத்தான் தெரியும் என்கிற குறையை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்க்க நுகர்வோர் ஆணையத்துக்கு 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதிகாரம் தந்திருக்கிறது.

அக்கா மகளுக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதலில் போன கடையில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு “போர்டு கயா” என்றார்கள். போர்டே போய்விட்டதாம், மாற்ற வேண்டுமாம். தொகை லேப்டாப் விலையில் பாதி. எழுதித் தரச் சொன்னோம், தரவில்லை. திருப்பி வாங்கியபோது அடியில் இரண்டு ஸ்குரூ இல்லை. மும்பையில் லேப்டாப் ரிப்பேர் தொழிலின் தலைமையிடம் கிராண்ட் ரோடு பக்கத்து லேமிங்டன் ரோடு. அங்கே ‘சிப் லெவல்’ வேலை தெரிந்தவர்கள், போர்டை மாற்றாமல் கெட்ட சில்லை மட்டும் மாற்றுகிறார்கள். முதல் ஆள் பெரிய தொகை சொன்னால் இன்னொரு இடத்தில் காட்டாமல் சம்மதிக்க வேண்டாம்.

யாரிடம் கொடுத்தாலும் கொடுப்பதற்கு முன் அடிப்பக்கம், சீரியல் எண், எல்லா ஸ்குரூவும் தெரிய போனில் படம் எடுங்கள். பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி ஒட்டிக் கொடுப்பது நம் ஊர்ப் பழக்கம், விட்டுவிடுங்கள். சார்ஜிங் வேலைக்குப் பாஸ்வேர்டு தேவையே இல்லை, லாகின் திரைவரை வந்தாலே பார்த்துவிடலாம். ஃபைல்கள் இருக்கும் எஸ்எஸ்டி கழற்ற வருகிற மாடல் என்றால் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். புதிய பேட்டரி என்றால் அதன் மேல் ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும், ஆர் எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் தயாரித்தவர் யார் என்று வரும்.

பிறகு அந்தப் பழகிய வசனம்: “பக்கா பில் வேணும்னா 18 பர்சென்ட் எக்ஸ்ட்ரா.” ஜிஎஸ்டி பதிவு இல்லாத சின்னக் கடை அந்த வரியை வாங்கவே முடியாது, பதிவு உள்ள கடை பில் தரத்தான் வேண்டும். எப்படியானாலும் ரசீது தர மறுப்பது 2019 சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை. கச்சா சிட்டு என்கிற துண்டுச் சீட்டுதான் கிடைக்கும் என்றாலும் அதில் கடைப்பெயர், தேதி, செய்த வேலை, வாங்கிய தொகை, எத்தனை நாள் கேரண்டி என்று எழுதி வாங்குங்கள். யுபிஐயில் பணம் அனுப்பினால் அது இன்னொரு சாட்சி.

தகராறு முற்றினால் முதலில் கடைக்கோ நிறுவனத்துக்கோ எழுத்தில் புகார். அடுத்தது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், நிறுவனத்திடம் கொண்டுபோய்ப் பேசுவார்கள். பெரிய பிராண்டுகளிடம் இது பலிப்பதுண்டு. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். குர்லாக்காரர்களுக்கு பாந்த்ரா கிழக்கில் இருக்கும் மும்பை புறநகர் மாவட்ட ஆணையம். புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பது 2019 சட்டம் தந்த நல்ல மாற்றம். படிப்பு முடிந்து லோக்மான்ய திலக் டெர்மினஸில் ரயிலேறி திருநெல்வேலிக்கே குடிபோய்விட்டவர் அங்கிருந்தே போடலாம். டியூஷன் எடுக்கவும் டிசைன் வேலை பார்க்கவும் சொந்தப் பிழைப்புக்காக லேப்டாப் வாங்கியவரை, ‘நீ வியாபாரி, நுகர்வோர் இல்லை’ என்று தள்ளிவிட முடியாது. தன் கையுழைப்பில் பிழைக்க வாங்கியவரும் சட்டப்படி நுகர்வோரே.

அக்கா மகளுடைய லேப்டாப் இரண்டாவது கடையில் சரியானது. போர்டு போகவில்லை, ஒரு சார்ஜிங் ஐசி, இரண்டு கெபாசிட்டர், பேட்டரி. பழைய பேட்டரி லேசாக உப்பியிருந்தது. ஊசிகளை டேப்பால் ஒட்டி, மூடியில்லாத தகர டப்பாவில் போட்டு பால்கனியில் வைத்திருக்கிறாள். குர்லாவில் எதையும் எடுத்துக்கொள்ள, பழைய சாமான் வாங்கும் பங்கார்காரருக்கா பஞ்சம், ஒருவர் கேட்டும் பார்த்தாராம். எடைக்குப் போனால் சுத்தியலில் உடையும், இல்லை குப்பை லாரியில் நசுங்கித் தீப்பிடிக்கும். 2022-இன் பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பொறுப்பு தயாரித்தவருடையது. நிறுவனத்துக்கு மெயில் போட்டிருக்கிறாள், எந்த இடத்தில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று கேட்டு.