குப்பையிற் கிடக்கும் பொன்

வலப்பனைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில், லயங்களுக்குப் பின்னாலுள்ள சரிவே நெடுங்காலமாகக் குப்பை கொட்டும் இடமாக இருந்து வருகின்றது. முன்னாளில் அங்கு விழுந்தவை அடுப்புச் சாம்பலும், காய்கறித் தோலும், கிழிந்த கொழுந்துக் கூடையுமே. மழை பெய்ய அவை மண்ணோடு மண்ணாயின. இன்று அதே சரிவில் உடைந்த கைத்தொலைபேசியும், உப்பிப்போன பற்றரியும், படம் காட்ட மறுத்த தொலைக்காட்சிப் பெட்டியும் வந்து சேருகின்றன. இவை மண்ணாவதில்லை.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் கைத்தொலைபேசி வழியே வரத் தொடங்கியபோது, மலையகப் பிள்ளைகள் அலை கிடைக்கும் மேடுகளைத் தேடி ஏறியதை நாடே அறியும். நாட்கூலியில் வாழும் குடும்பங்கள் கடன்பட்டேனும் கருவி வாங்கின. அத்தகைய கருவி சில ஆண்டுகளே உழைக்கும். அதன் பின்னர் அதனை என்ன செய்வது என்பதே கேள்வி.

கைத்தொலைபேசியின் உள்ளே செம்பு, வெள்ளி, பொன், பல்லேடியம் ஆகிய உலோகங்கள் உள்ளன. ஒரு கருவியிலுள்ள பொன் கண்ணுக்கே புலப்படாத அளவுதான். ஆயினும் பொற்சுரங்கத்தில் ஒரு தொன் பாறையை உடைத்தால் பெரும்பாலும் சில கிராம் பொன்னே கிடைக்க, ஒரு தொன் பழைய கைத்தொலைபேசிகளிலிருந்து அதனினும் பன்மடங்கு பொன்னைப் பிரித்தெடுக்க இயலும். ஜப்பானியர் இதனைச் செயலிற் காட்டினர். 2017 முதல் 2019 வரை சுமார் 62 இலட்சம் கைத்தொலைபேசிகளையும் வேறு சிறு மின் கருவிகளையும் மக்களிடமிருந்து திரட்டி, 32 கிலோ பொன்னும் 3,500 கிலோ வெள்ளியும் எடுத்து, தோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களை வார்த்தனர்.

பொன் இருக்கும் இடத்திலேயே நஞ்சும் இருக்கின்றது. பழைய கருவிகளின் பற்றாசில் ஈயம் உண்டு. பழைய பெருங்குழாய்த் தொலைக்காட்சியின் கண்ணாடியிலோ ஈயம் கிலோக் கணக்கில் உண்டு. சிலவகைப் பற்றரிகளில் காட்மியமும், சுருள் மின்குமிழ்களில் பாதரசமும் உள்ளன. மலைநாட்டின் நிலையோ தனி. மேல் லயத்துச் சரிவில் ஊறியது கீழ் லயத்துப் பீலியிற் சேர இடமுண்டு; அங்கிருந்து ஓடையாகிக் குருந்து ஓயா போன்ற ஆறுகள் வழியே மகாவலியை அடையவும் கூடும். செம்புக்காகக் கம்பிகளை எரிப்பது இன்னும் கொடிது. மேலுறை எரியும் புகையில் டையொக்சின் என்னும் நச்சுப்பொருள் பிறக்கின்றது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு ஈயம் தீங்கற்றது என்று சொல்லத்தக்க அளவு எதுவுமே இல்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. படிப்புக்காக வாங்கிய கருவியே படிக்கும் ஆற்றலைப் பறிக்குமாயின் அது பெருங்கொடுமையன்றோ!

முதலில் செய்யத்தக்கது திருத்துவதே. கண்ணாடியோ பற்றரியோ மாற்றினால் பல கருவிகள் மீண்டும் உழைக்கும். புதிதாக ஒன்று செய்வதற்கு வேண்டிய உலோகமும் மின்சக்தியும் அதனால் மிஞ்சும். திருத்த இயலாதவை முறைப்படி சேகரிக்கப்பட வேண்டும். இலங்கையில் 2008ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள், இக்கழிவைக் கையாள மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும் என விதித்தன. அனுமதி பெற்றோர் கருவிகளைக் கழற்றிப் பிரித்து, பொன் பொதிந்த சுற்றுப்பலகைகளைப் பாசல் உடன்படிக்கையின் விதிகளுக்கமைய வெளிநாட்டு உருக்காலைகளுக்கு அனுப்புகின்றனர். எனினும் 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் சேர்ந்த 6 கோடியே 20 இலட்சம் தொன் மின்னணுக் கழிவில், முறையாகச் சேகரித்து மீட்கப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதமே.

தோட்டத்து மக்களிடம் குற்றம் காண்பதிற் பயனில்லை. இராகலைக்கோ நுவரெலியாவுக்கோ ஓர் உடைந்த கருவியைக் கொண்டு செல்லப் பேருந்துக் கட்டணமும் அரைநாட் கூலியும் யார் கொடுப்பார்? 2021ஆம் ஆண்டில் அதிகார சபை அஞ்சலகங்கள் வழியே இக்கழிவைச் சேகரித்தது. வழி தெரிந்த யோசனை அது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பூட்டிய பெட்டியொன்றை வைத்து, மாதம் ஒருமுறை தோட்ட லொறியில் நகருக்கு அனுப்பினால் இன்னும் எளிதாகும்.

கொடுப்பதற்கு முன் சிம் அட்டையை அகற்றி, படங்களையும் எண்களையும் அழித்துவிட வேண்டும். உப்பிய பற்றரியைக் குத்தவோ அடுப்பருகே வைக்கவோ கூடாது, அது தீப்பற்றும். பெட்டி வரும்வரை, குழந்தைகளுக்கு எட்டாத உலர்ந்த இடத்தில், பற்றரியின் முனைகளில் ஒட்டுநாடா ஒட்டி வைத்திருக்கலாம்.