செவியின் இரு தொழில்கள்

காஞ்சிபுரத்தை அடுத்து, வேகவதி ஆற்றின் அருகே திருப்பருத்திக்குன்றம் என்னும் சிற்றூர் இருக்கிறது. சினகாஞ்சி என்றும் அதனைக் கூறுவர். அங்குள்ள சமணக் கோயிலில் சங்கீத மண்டபம் ஒன்று உண்டு. விசயநகர மன்னர் இரண்டாம் ஹரிஹரரின் அமைச்சரான இருகப்பர் 1387-ஆம் ஆண்டில் கட்டுவித்தது அது. அதன் விதானத்தில் தீர்த்தங்கரர்களின் வரலாறுகள் வரிசை வரிசையாகத் தீட்டப்பெற்றுள்ளன. அவற்றைக் காண விரும்புவோர் கழுத்தை நன்றாகப் பின்னுக்குச் சாய்க்கவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் அவ்வாறு சாய்த்து நோக்கினேன். மண்டபமே சக்கரம்போல் சுழன்றது. தூணைப் பற்றிக்கொண்டு கண்ணை மூடினேன். ஒரு நிமிடத்துக்குள் சுழற்சி அடங்கிவிட்டது; அச்சம் மட்டும் அடங்கவில்லை. அன்றிரவு படுக்கையில் வலப்புறம் புரண்டபோதும் அதே சுழற்சி. ஏற்கெனவே காதில் மெல்லிய இரைச்சல் ஒன்று இருந்துவந்தது. சுவர்க்கோழி என்றெண்ணி விளக்கேற்றித் தேடியதும் உண்டு. இப்போது அதுவும் பெரிதாகத் தோன்றியது. பித்தம் என்றனர் சுற்றத்தார். மூளையில் ஏதோ கோளாறு என்று நான் அஞ்சினேன். மூன்று மாதம் தனியே வெளியில் செல்லவும் துணியவில்லை.

இறுதியில் காது மருத்துவர் ஒருவரிடம் சென்றேன். அவர் என்னை உட்காரவைத்து, தலையை ஒருபுறம் திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்து, என் கண்களை உற்று நோக்கினார். கண்மணிகள் துடித்தன. "மூளையில் குறையில்லை, ஐயா. செவி ஒன்று, அதற்குத் தொழில் இரண்டு. இரண்டிலும் சிறு பழுது, ஆனால் இரண்டும் வெவ்வேறு" என்றார்.

கேட்பது மட்டுமே செவியின் தொழில் என்று நாம் எண்ணுகிறோம். நாம் நிற்கிறோமா, சாய்கிறோமா என்பதை மூளைக்கு அறிவிப்பதும் அதன் தொழிலே. உட்செவியில் நீர் நிறைந்த அரைவட்டக் குழல்கள் மூன்று உள்ளன. தலை திரும்பினால் அந்நீர் அசையும். அவ்வசைவை நரம்பு உணர்த்தும். அவற்றை அடுத்த பையில் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் படிந்திருக்கின்றன. அவற்றுள் சில நழுவிக் குழலினுள் புகுந்தால், தலை அசைந்து நின்ற பின்னும் நீர் அசைந்துகொண்டிருக்கும். உடல் சுழல்கிறது என்று செவி சொல்லும். இல்லை என்று கண் சொல்லும். இந்தப் பொய்ச் சான்றே கிறுகிறுப்பு.

தலைச்சுற்றல் யாவும் மூளை நோயே என்று மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் நம்பியது. செவியிலிருந்தும் அது பிறக்கும் என்று 1861-இல் பாரிஸ் நகரில் எடுத்துரைத்தவர் மெனியர். காதில் குளிர்ந்த நீர் விட்டால் கண்மணிகள் ஒருவகையாகவும், வெந்நீர் விட்டால் அதற்கு எதிராகவும் துடிப்பதை ஆராய்ந்த ராபர்ட் பாரனி, 1914-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றார். நழுவிய துகள்களைத் தலையைப் படிப்படியாகத் திருப்பியே பழைய இடத்துக்குச் செலுத்தும் முறையை அமெரிக்க மருத்துவர் எப்லி 1992-இல் விரிவாக வெளியிட்டார். எனக்குச் செய்ததும் அம்முறையே. மருந்தில்லை, கத்தியில்லை, சில நிமிடங்களில் முடிந்தது. மூன்று மாத அச்சத்தை எண்ணி வெட்கினேன்.

இரைச்சலோ அவ்வாறு நீங்கவில்லை. உட்செவியின் நத்தை வடிவான பகுதியில், ஒலியை உணரும் மயிரிழை அணுக்கள் ஏறத்தாழ 15,000 உள்ளன. முதுமையாலோ பேரொலியாலோ அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. வரவேண்டிய ஒலி வராதபோது மூளை தன் கூர்மையை மிகுத்துக்கொள்கிறது. அதனால் இல்லாத ஒலியும் கேட்கிறது என்பர். இசைமேதை பீத்தோவன் இரவும் பகலும் தம் காது இரைவதை 1801-லேயே நண்பருக்கு எழுதி வருந்தினார்.

இதனோடு வாழ எனக்கு வழிகாட்டியது நான் பிறந்த நெசவாளர் தெரு. தறி ஓசையில் தொட்டிற் குழந்தையும் உறங்கும் வீடு எங்களது. "இந்தச் சத்தத்தை எப்படிப் பொறுக்கிறீர்கள், பெரியப்பா?" என்று சிறுவயதில் கேட்டேன். "தறி ஓடும்போது எனக்குச் சத்தம் கேட்பதில்லை, தம்பி; நின்றால்தான் கேட்கும்" என்றார். தீங்கில்லை என்று மனம் தெளிந்த ஒலியை மூளை நாளடைவில் ஒதுக்கிவிடும். ஆகவே இரைச்சலை உற்றுக் கேட்பதை விட்டேன். நள்ளிரவின் முழு அமைதியைத் தவிர்த்து, மின்விசிறியின் ஓசையில் உறங்கினேன். மாதங்கள் சென்றன; இரைச்சல் இருக்கிறது, துன்பம் குறைந்தது.

மாணவ நண்பர்களே, உங்கள் அணுக்கள் இன்னும் அழியாதவை. 85 டெசிபல் அளவுள்ள ஒலியை நாள்தோறும் எட்டு மணி நேரம் கேட்டால் செவி கெடும். ஒலி மிகுந்தால் அந்நேரம் விரைவாகச் சுருங்கும். காதில் செருகும் கருவிகளின் ஒலியைக் குறையுங்கள். திடீரென ஒரு காது மந்தமானாலோ, தலைச்சுற்றலோடு பேச்சுக் குழறினாலோ, கைகால் தளர்ந்தாலோ அன்றே மருத்துவரை நாடுங்கள். என்னைப்போல் மூன்று மாதம் காத்திராதீர்கள்.

சென்ற தைத் திங்களில் மீண்டும் அம்மண்டபத்துக்குச் சென்றேன். தூணில் ஒரு கையை ஊன்றி, மெல்லத் தலையை நிமிர்த்தினேன். விதானம் அசையவில்லை. காதில் இரைச்சல் இருந்தது. அதையும் உடன் வைத்துக்கொண்டே ஓவியங்களை முழுதும் கண்டு திரும்பினேன்.