உஷார்! பத்திரம் பதிவாகிவிட்டது, நிலம் உங்களுடையதா?

"பதிவு முடிஞ்சிடுச்சு சார், இனிமே கவலையே இல்ல" என்று புரோக்கர் கைகுலுக்குவார். அந்தப் பேச்சை நம்பி வாழ்நாள் சேமிப்பை இழந்த குடும்பங்கள் இன்றும் கோர்ட் வாசலில் நிற்கின்றன. சார்பதிவாளர் பதிவு செய்வது பத்திரத்தை மட்டும்தான். விற்றவருக்கு அந்த நிலம் சொந்தமா என்று விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவருக்கு 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில் கிடையாது. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லி, மூலப்பத்திரம் கேட்கும் 55-ஏ விதியின் முதல் பிரிவைச் செல்லாது என்று அறிவித்தது. அசல் ஆவணம் காட்டச் சொல்லும் விதிகள் வரலாம், போகலாம். உரிமைத் தகராறைத் தீர்க்க வேண்டிய இடம் சிவில் கோர்ட்தான். இல்லாத உரிமையை எழுதிக் கொடுத்தால், முத்திரைத்தாள் எத்தனை லட்சத்துக்கு இருந்தாலும் வாங்கியவருக்கு எதுவும் வந்து சேராது.

பட்டா இருக்கிறதே என்பார்கள். பட்டா வருவாய்த் துறை ஆவணம். அது மட்டுமே உரிமையை நிலைநாட்டாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன.

வில்லங்கச் சான்றில் (ஈசி) ஒன்றும் இல்லையே என்பது அடுத்த சமாதானம். இங்கேதான் பலரும் விழுகிறார்கள். பதிவான ஆவணங்கள் மட்டுமே அதில் வரும். உயிலைப் பதிவு செய்யவேண்டிய கட்டாயம் இல்லை; வீட்டுப் பீரோவில் கிடக்கும் உயில் ஈசியில் தெரியாது. அப்பா இறந்தவுடன் பிள்ளைகளுக்கு வந்த பங்கும் தெரியாது. நான்கு வாரிசுகளில் மூன்று பேர் கையெழுத்துப் போட்டு, தங்கையை விட்டுவிட்டு விற்றால் தங்கையின் பங்கு அப்படியே நிற்கும். "அவளுக்குத்தான் கல்யாணத்துல செஞ்சாச்சே" என்ற பேச்சு சட்டத்தில் எடுபடாது. இந்துக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்து 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவுப் பத்திரத்தாலோ கோர்ட் தீர்ப்பாலோ பாகம் பிரியாமல் இருந்தால், மகனுக்குள்ள அதே உரிமை மகளுக்கும் உண்டு. 2005 திருத்தச் சட்டம் கொடுத்த அந்த உரிமையை 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆகவே இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கேளுங்கள். ஒவ்வொரு வாரிசும் கிரயத்தில் கையெழுத்திட வேண்டும், அல்லது பதிவான விடுதலைப் பத்திரம் கொடுத்திருக்க வேண்டும். வாரிசுகளில் மைனர் இருந்தால், அந்தப் பங்கை விற்கக் கோர்ட் அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

பவர் பத்திரத்தை நினைத்தால்தான் எனக்குப் பெரிய பயம். விலை கொஞ்சம் குறைவு, பவரும் அக்ரிமெண்டும் போட்டுக்கலாம், கிரயம் அப்புறம் பார்த்துக்கலாம் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பவரும் விற்பனை ஒப்பந்தமும் உயிலும் சேர்ந்தாலும் சொத்துரிமை கைமாறாது என்று சூரஜ் லாம்ப் வழக்கில் 2011-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. நூறு ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள நிலத்தின் விற்பனைக்குப் பதிவான கிரயப் பத்திரம்தான் வழி. பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பவரும் பொதுவாக அன்றோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஏஜெண்ட் எழுதிக்கொடுத்த கிரயத்தை நம்பி வீடு கட்டியவர்களின் நிலை என்ன? ஏஜெண்ட் மூலம் வாங்கியே ஆக வேண்டுமென்றால், உரிமையாளரை நேரில் பார்த்துப் பேசுங்கள். பவர் ரத்தாகிவிட்டதா என்று பதிவு அலுவலகத்தில் தேடுங்கள்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாலேயே அசல் மூலப்பத்திரங்களைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஜெராக்ஸ் மட்டும் காட்டினால் அசல் ஏதோ ஒரு வங்கியில் அடமானத்தில் இருக்கலாம். குறைந்தது முப்பது ஆண்டு வில்லங்கம் எடுத்து, கிரயம், செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை என்று உரிமை எப்படி வந்தது என்பதை ஒரு கண்ணியும் விடாமல் வக்கீலிடம் சரிபார்க்கச் சொல்லுங்கள். சர்வே எண்ணை வைத்து வருவாய்த் துறையின் ஏ-பதிவேட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். புறம்போக்கா, கோயில் நிலமா என்பது அதில் தெரியும். பஞ்சமி நிலமாக இருந்தால் தொடவே வேண்டாம். ஆங்கிலேயர் காலத்தில் நிபந்தனையோடு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கிய நிலம் அது. நிபந்தனையை மீறி மற்றவர்களுக்கு எழுதிய கிரயம், எத்தனை கை மாறியிருந்தாலும் செல்லாது.