துருத்தியும் உப்புக்காற்றும்

கொல்லன் உலையில் துருத்தி ஊதுவதை இன்றைய மாணவருள் பலர் கண்டிருக்க மாட்டார்கள். கரி தானே எரியும். ஆயினும் இரும்பை இளக்கும் வெம்மை அதற்கு வாராது. காற்றை அழுத்தி ஊட்டும்போதே அது கனன்று எழும். மோட்டார் சைக்கிளுக்குச் சூப்பர்சார்ஜர் பூட்டுதல் என்பதும் இவ்வளவே. அக்கருவியை நாம் இக்கட்டுரையில் துருத்தி என்றே வழங்குவோம். கையருகே பழஞ்சொல் இருக்கப் புதுச்சொல் தேடுவானேன்? (துருத்தி என்பதற்கு ஆற்றிடைக்குறை என்ற பொருளும் உண்டு, தமிழ் பயில்வோர் ஈண்டு மயங்கற்க.)

நம் கரையோரச் சாலைகளில் நெடுங்காலமாக ஓடிவரும் புல்லட்டையே எடுத்துக்கொள்வோம். 1955 முதல் சென்னையில் உருவாகி, திருவொற்றியூரில் வேரூன்றிய வண்டி அது. அதன் பழைய எந்திரத்தின் உருளை 70 மில்லிமீட்டர் விட்டமும், பிஸ்டன் ஓட்டம் 90 மில்லிமீட்டர் நீளமும் உடையவை. கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர். பிஸ்டன் கீழிறங்கும்போது வெளிக்காற்று தன் அழுத்தத்தால் உள்ளே புகுகிறது. அவ்வழுத்தம் கடல்மட்டத்தில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோகிராம். துருத்தியால் இதனை ஒன்றரையாக்கினால், அதே உருளைக்குள் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு காற்று அடங்கும். அழுத்திய காற்று சூடேறுவதால் சிறிது குறையும். மிகுந்த காற்றுக்கேற்பப் பெட்ரோலும் மிகும், ஆற்றலும் மிகும்.

இது புதிய கலை அன்று. 1939ஆம் ஆண்டு ஐல் ஆஃப் மேன் தீவின் சீனியர் டிடி பந்தயத்தில், துருத்தி பூட்டிய பி.எம்.டபிள்யூ. வண்டியில் ஜெர்மானியரான கியார்க் மையர் வென்றார். போருக்குப்பின் 1946இல் பந்தயங்களில் துருத்தி தடைசெய்யப்பட்டது. 2015இல் வெளிவந்த கவாசாகி நிஞ்சா எச்2 வண்டியில் அது மீண்டும் வந்தது. 998 கன சென்டிமீட்டர் எந்திரத்தில், 69 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு விசிறி, கிராங்க் தண்டைப்போல் 9.2 மடங்கு விரைவாகச் சுழல்கிறது. கிராங்க் தண்டு நிமிடத்துக்கு 14,000 முறை சுழன்றால் விசிறியின் சுழற்சி ஏறத்தாழ 1,29,000 ஆகும்!

புல்லட் போன்ற ஒற்றை உருளை எந்திரத்தில் ஓர் இடர்ப்பாடு உண்டு. கிராங்க் தண்டு இருமுறை சுழன்றால் ஒருமுறைதான் அது மூச்சிழுக்கும். துருத்தியோ இடைவிடாது ஊதும். ஆகவே இரண்டிற்கும் நடுவே காற்றைத் தேக்கும் கலம் ஒன்று வேண்டும். கார்பரேட்டரைத் துருத்திக்குப் பின்னால் வைத்தால், தொட்டியிலிருந்து தானே இறங்கும் பெட்ரோலைக் காற்றழுத்தம் எதிர்த்துத் தள்ளும். அப்போது மின்சாரப் பம்பு இன்றியமையாதது. பொறி பாயும் நேரத்தையும் சற்றுப் பிந்தச் செய்ய வேண்டும். இன்றேல் கலவை முறைகெட்டு வெடித்து, எந்திரம் தட்டும்.

இனி ஒயரிங். இதனை இறுதி வேலையாக, எஞ்சிய கம்பிகளைக்கொண்டு முடிப்போரே மிகுதி. நம் கடற்கரையில் அது பெரும்பிழை. பாம்பன் சாலைப்பாலம் 1988இல் திறக்கப்பட்டது, ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் நீளம். சிறுபருவத்தில் ஓரிரவு நாம் பெரியத்தாவின் வண்டியில் பின்னமர்ந்து அதனைக் கடந்தபோது, நட்டநடுப் பாலத்தில் விளக்கு மங்கி அணைந்தது, எந்திரமும் நின்றது. இருமருங்கும் இரைச்சலிடும் கடல். எதிரே மண்டபத்திலிருந்து வரும் லாரி. பெரியத்தா எம்மைக் கைப்பிடிச்சுவரோடு ஒட்டி நிறுத்தி, தீக்குச்சியைக் கொளுத்திக் காட்டினார். லாரி விலகிச் சென்றது. மறுநாள் மெக்கானிக் அவிழ்த்துக் காட்டியது ஒரே ஓர் எர்த் கம்பி. அதன் முனையெங்கும் பச்சைப் பூஞ்சைபோல் செம்புக்களிம்பு படர்ந்திருந்தது.

அன்று விளக்கோடு போயிற்று. துருத்தி பூட்டிய வண்டியில் இதே களிம்பு எந்திரத்தையே அழிக்கும். எவ்வாறெனில், பம்பு 5 ஆம்பியர் மின்னோட்டம் கொள்வதாக வைத்துக்கொள்வோம். களிம்பேறிய இணைப்பில் அரை ஓம் தடை இருந்தால், 12 வோல்ட்டில் ஏறத்தாழ 2 வோல்ட் அங்கேயே தொலையும். பம்பு தளரும், பெட்ரோல் குறையும், துருத்தியோ காற்றைக் குறைக்காது. காற்று மிகுந்து எரிபொருள் குறைந்த கலவை கடுவெப்பத்தோடு எரிந்து, அலுமினியப் பிஸ்டனில் துளையே விழக்கூடும். ஓட்டுநர் எந்திரத்தைக் குறைகூறுவார். குற்றவாளியோ ஒரு சாண் கம்பி.

ஆதலின் வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியே இங்கு ஏற்றது. பற்றவைத்த இணைப்பு விறைத்து, அதிர்வால் ஓரத்தில் முறியும். நன்கு நசுக்கிப் பொருத்திய இணைப்பின்மேல் சூட்டில் சுருங்கும் குழாயைப் போர்த்துவது மேல். பாட்டரியின் எதிர்முனையிலிருந்து எந்திர உடலுக்குத் தடித்த கம்பி நேராகச் செல்லட்டும். பெயின்ட் அடித்த சட்டத்தை நம்பலாகாது. பியூஸ் பாட்டரிக்கு அருகிலேயே இருக்கவேண்டும். பம்புக்கும் முகப்பு விளக்குக்கும் தனித்தனி ரிலே வேண்டும். கைப்பிடியை இருபுறமும் முழுதாகத் திருப்பிப் பார்த்த பின்னரே கம்பிகளைக் கட்டுக. எம் கண்முன்னே ஓர் இளைஞர் இதனை மறந்து, முதல் வளைவிலேயே கம்பியை அறுத்துக்கொண்டார்.

சட்டத்தையும் மறத்தலாகாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019இல் உச்சநீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. துருத்தி பூட்டிய வண்டியைப் பந்தயத் தளத்தில் ஓட்டலாம். இராமேசுவரம் நெடுஞ்சாலை அதற்குரிய இடமன்று.

எனினும் ஒயரிங் சோதனை எல்லா வண்டிக்கும் பொது. விளக்கை எரியவிட்டு, பாட்டரியின் எதிர்முனையில் மீட்டரின் ஒரு முள்ளையும் எந்திர உடலில் மறுமுள்ளையும் வைத்துப் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், எர்த் இணைப்பை அவிழ்த்து உப்புத்தாளால் தேய்த்து, வாசலின் தடவி மீண்டும் முறுக்குங்கள். பாம்பனில் குடியிருப்போர் மாதம் ஒருமுறை. பரமக்குடியார் ஆண்டுக்கு இருமுறை பார்த்தால் போதும்.