முதுகெலும்பில் கட்டி: வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டாம்

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். அத்தைக்கு மார்பகத்தில் வந்த புற்றுநோய் முதுகெலும்புக்கும் பரவியிருக்கிறது. டாக்டர் வலி நிவாரணப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்ததும், கைவிட்டுவிட்டார்கள் என்று வீட்டில் ஒரே அழுகை. அப்படியில்லை. கீமோ, ஹார்மோன் மாத்திரை எல்லாம் நடக்கும்போதே வலி நிவாரணச் சிகிச்சையும் கூடவே நடக்கலாம், நடக்கவும் வேண்டும். பரவிய நுரையீரல் புற்றுநோயாளிகளைப் பற்றி அமெரிக்காவில் 2010-ல் ஓர் ஆய்வு வெளியானது. தொடக்கத்திலேயே இந்தப் பராமரிப்பும் சேர்ந்து கிடைத்தவர்களுக்கு மனச்சோர்வு குறைந்தது, ஆயுளும் இரண்டரை மாதத்துக்கு மேல் கூடியிருந்தது.

முதுகெலும்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை மார்பகம், நுரையீரல், புராஸ்டேட் போன்ற இடங்களிலிருந்து வந்து சேர்ந்தவை. வலியும் ஒரே வகையாக இருக்காது. கட்டி எலும்பை அரித்தால் படுத்ததும் வலி கூடும், ராத்திரியில் தூங்க விடாது. எலும்பு பலமிழந்தால் எழும்போதும் புரளும்போதும் வெட்டி இழுக்கும். நரம்பை அழுத்தினால் எரிச்சல் காலுக்கு இறங்கும். அதனால்தான் சீட்டில் இத்தனை மருந்து: எரிச்சலுக்கு கபாபென்டின் அல்லது அமிட்ரிப்டிலின், வீக்கத்துக்கு டெக்சாமெத்தசோன், கடும் வலிக்கு மார்பின். அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கான மாத்திரையாயிற்றே என்று கடைக்காரர் சொன்னால் பதற வேண்டாம், நரம்பு வலிக்கும் அதுதான்.

மார்பின் கடைசி நாளுக்கான மருந்து என்ற பயத்தை முதலில் விடுங்கள். சாதாரண மார்பின் மாத்திரை சுமார் நாலு மணி நேரம்தான் வேலை செய்யும். வலி வரட்டும், அப்புறம் கொடுக்கலாம் என்று காத்திருப்பதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று கடிகாரம் பார்த்துக் கொடுங்கள். இரவு 10 மணிக்கு இரண்டு மடங்கு எழுதியிருந்தால் அது கைதவறி எழுதியதல்ல; நடுராத்திரியில் எழுப்பாமல் தூங்கவிடத்தான். நடுவில் வலி கிளம்பினால் கொடுக்கத் தனி டோஸும் சொல்லியிருப்பார்கள். ஒரு நோட்டில் நேரத்தையும், பத்துக்கு எவ்வளவு வலி என்று அத்தை சொல்வதையும் எழுதி வையுங்கள். அடுத்த முறை அளவைக் கூட்டவோ குறைக்கவோ டாக்டருக்கு அந்த நோட்டு வேண்டும். நாமாகக் கூட்டவும் கூடாது, சட்டென்று நிறுத்தவும் கூடாது. குமட்டலும் தூக்கக் கலக்கமும் சில நாளில் அடங்கிவிடும். மலச்சிக்கல் அடங்காது, அதற்கான மருந்தை முதல் நாளே தொடங்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எழுப்பினாலும் எழாத தூக்கமோ, மூச்சு மந்தமோ தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு.

மார்பினுக்கு மூலமான அபின் விளைகிற நம் நாட்டில் 1985 போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் மார்பின் கிடைப்பது அரிதாகி, எத்தனையோ பேர் வலியோடு போய்ச் சேர்ந்தார்கள் என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை. கோழிக்கோட்டில் 1993-ல் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் தொடங்கிய வலி நிவாரண அமைப்பு வழி காட்டியது. 2014-ல் சட்டமும் திருத்தப்பட்டது. நம் ஊரில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நர்ஸ் வீட்டுக்கே வந்து பார்ப்பதும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

கரண்ட் வைப்பது என்று நாம் சொல்லும் கதிர்வீச்சும் வலியைக் குறைக்கும். தண்டுவடம் நசுங்காத எலும்பு வலிக்கு ஒரே தடவை 8 கிரே கொடுத்தாலே பெரும்பாலும் போதும். பல நாள் அலைந்து எடுப்பதற்கு இணையாக வலி தணியும். ஓரிரு நாள் வலி கூடலாம். முழுப் பலன் தெரியச் சில வாரமாகும்.

ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. கால் தளர்வது, செருப்பு நழுவியதுகூடத் தெரியாமல் மரத்துப்போவது, சிறுநீர் பிரியாமல் நிற்பது, நெஞ்சைச் சுற்றி வார் போட்டு இறுக்குவது போன்ற புது வலி: இவையெல்லாம் கட்டி தண்டுவடத்தை அழுத்துவதன் அடையாளம். இந்த நிலையில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். நடக்க முடிகிறபோதே சிகிச்சை தொடங்கினால் பெரும்பாலோர் தொடர்ந்து நடக்கிறார்கள். கால் முழுவதும் விழுந்த பிறகு மீட்பது மிகக் கடினம். திங்கட்கிழமை ஓ.பி.க்குக் காத்திருக்காதீர்கள். முதுகு வளையாமல் படுக்கவைத்து, பழைய ஸ்கேனையும் எடுத்துக்கொண்டு, ஞாயிறு ராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். 'புற்றுநோய் முதுகெலும்பில் இருக்கிறது, கால் இன்றைக்குத்தான் தளர்ந்தது, எம்ஆர்ஐ எடுக்க வேண்டுமா பாருங்கள்' என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.