குனிந்து நுழையும் வாசல்

நெய்வேலிக்குப் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் அந்த நகரியத்தை எளிதில் மறந்திருக்க மாட்டீர்கள். வட்டம் வட்டமாகப் பிரித்த தெருக்கள், நிழல் மரங்கள், வீட்டைச் சுற்றித் தோட்டம்! ஆனால் அந்தக் குவார்ட்டர்ஸ் நிறுவனத்துடையது. ஓய்வு பெற்றால் சாவியை ஒப்படைக்க வேண்டியதுதான். நீங்கள் நட்ட மாமரம் அடுத்து வருபவருக்குக் காய்க்கும். ஆகவே அங்கே பென்ஷன் பேச்சு, பெண்ணின் கல்யாணப் பேச்சுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

1957 மே 20-ல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். அன்று வேலைக்கு வந்த 20 வயது வாலிபர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு 58 வயது நிறைந்தது 1995-ல். சேமநல நிதித் தொழிலாளர்களுக்கு மாதாமாதம் பென்ஷன் தரும் திட்டம் பிறந்ததும் அதே 1995 நவம்பர் 16-ல்தான்! 1971 முதல் இருந்த பழைய திட்டம், தொழிலாளி கண்ணை மூடினால் குடும்பத்துக்கு உதவியது. உயிரோடு இருந்தவருக்கு மாதப் பென்ஷன் தரவில்லை.

அந்த 1995 திட்டத்தின் வாசலில் உயரமான படி ஒன்று. தலையில் இடிக்கும் நிலை ஒன்று.

படி என்பது பத்து ஆண்டு சேவை. எட்டு ஆண்டோடு நின்றுவிட்டால் மாதப் பென்ஷன் கிடையாது. ஒரு தொகையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கான்டிராக்டர் மாறும்போதெல்லாம் வேலையும் மாறும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு இது பெரிய கண்டம். அவசரத்துக்கு அந்தத் தொகையை வாங்கிவிட்டால், உழைத்த ஆண்டுகளும் கணக்கிலிருந்து அழிந்துபோகும். வாங்காமல் திட்டச் சான்றிதழ் கேட்டு வைத்துக்கொண்டால், பின்னால் செய்யும் சேவையோடு அதுவும் சேரும். இதை எத்தனை பேருக்கு யார் சொன்னார்கள்?

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. நிரந்தரமாக, முற்றிலும் உழைக்க முடியாமல் உடல் முடங்கிவிட்டால் இந்தப் பத்தாண்டுக் காத்திருப்பு வேண்டாம். ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே போதும். விபத்து வேலையிடத்தில்தான் நடந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. திட்டத்தில் மனிதாபிமானம் உள்ள இடம் இதுதான் என்பேன்.

இனி நிலைக்கு வருவோம். எவ்வளவு சம்பளம் வாங்கினாலும், ஒரு வரம்புக்கு மேல் பென்ஷன் கணக்கில் வராது. 5,000 ரூபாயாக இருந்த வரம்பு 2001-ல் 6,500 ஆயிற்று. 2014 செப்டம்பர் 1-ல் 15,000. பிறகு பத்தாண்டுக்கு மேல் அசையவில்லை. 15,000-ஐச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுத்துப் பாருங்கள்: 14 ஆண்டுக்கு 3,000 ரூபாய்! அதோடு விட்டார்களா? 2014 செப்டம்பருக்குப் பின் முதன்முதலாகச் சேருபவரின் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 15,001 ஆக இருந்தால், வாசலே அடைப்பு. ஒரு ரூபாய் அதிகம் வாங்கிய குற்றம்!

பஞ்சப்படி விலைவாசியோடு ஏறுகிறதே, இந்த வரம்பையும் அதே ஏணியில் ஏற்றினால் என்ன? ஆண்டுதோறும் தானாக உயரும்படி ஒரு விதி எழுதினால் யாரும் கெஞ்ச வேண்டியிருக்காது.

அது வரும்போது வரட்டும். இன்றிரவு சாப்பாடு முடிந்ததும், உங்கள் வீட்டுக்காரரிடம் சேமநல நிதிக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். பழைய வேலையின் ஆண்டுகள் அதில் சேர்ந்திருக்கின்றனவா என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள்.