கரிசற்காட்டுக் குடித்தனமும் கடன் தீர்க்கும் கணக்கும்

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்னும் பழமொழியை அறியாத குடியானவர் இரார். கணக்கு எழுதினால் மனவருத்தமே மிஞ்சும் என்று பலர் இதற்குப் பொருள் கொண்டு, கணக்கெழுதும் வழக்கத்தையே விட்டுவிடுகின்றனர். ஆயினும் இவர்கள் இல்லங்களிலேயே ஒரு கணக்கேடு தவறாமல் எழுதப்பட்டு, பெட்டியில் பூட்டிப் பாதுகாக்கப்பட்டு வருகின்றது. அதுதான் மொய் நோட்டு. இருபது வருஷங்களுக்கு முன் நடந்த காதுகுத்து விசேஷத்தில் எந்த ஊரார் எவ்வளவு மொய் எழுதினார் என்பதை அதைப் பார்த்து உடனே சொல்லிவிடலாம். ஆனால் சென்ற வருஷம் பருத்தியில் எவ்வளவு நின்றது, வட்டியாக எவ்வளவு போயிற்று என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது. மொய்க்கணக்கில் காட்டும் சிரத்தையைக் குடும்ப வரவு செலவிலும் காட்டினால் கடனினின்று மீளும் வழி புலப்படும்.

நரிக்குடி வட்டாரத்தின் நிலை

நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை ஆகிய பகுதிகள் 1985ஆம் ஆண்டு வரை இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. இப்பொழுது விருதுநகர் மாவட்டத்தில் உள்ளன. பெரும்பாலும் மானாவாரி நிலம். குண்டாறு முதலியவை மழைக்காலத்தில் மட்டுமே நீர் காணும் ஆறுகள். கண்மாய்களும் ஐப்பசி, கார்த்திகை மழையையே நம்பியிருப்பவை. புரட்டாசி, ஐப்பசியில் விதைக்கும் பருத்தி, குதிரைவாலி, சோளம், மல்லி, மிளகாய் ஆகியவற்றின் பலன் தை முதல் சித்திரைக்குள் வீடு வந்து சேரும். ஆகவே வரவு நான்கு மாதத்தில் முடிந்துவிடுகின்றது. செலவோ பன்னிரண்டு மாதமும் நடக்கின்றது. ஆனி முதல் கார்த்திகை வரை கையில் ரொக்கமில்லாத காலம். அப்பொழுதுதான் உழவு, விதை, களையெடுப்பு, பிள்ளைகளின் படிப்புச் செலவு ஆகிய யாவும் ஒருங்கே நேரிடுகின்றன. மாதச்சம்பளக்காரர் போல மாதக்கணக்கு மட்டும் எழுதினால் இக்குடித்தனத்துக்குப் போதாது. தை மாதத்தில் தொடங்கி மார்கழியில் முடியும் மகசூல் வருஷக் கணக்கே இங்கு ஏற்றதாகும்.

மழையும் ஆண்டுக்காண்டு மாறுபடும். 2016ஆம் ஆண்டில் வடகிழக்குப் பருவமழை மிகவும் பொய்த்தமையால் 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி பாதித்த பகுதியாக அறிவிக்கப்பட்டது. இத்தகைய ஆண்டு மீண்டும் வராது என்று எண்ணிச் செலவு செய்வது, கரையைக் கட்டாமல் கண்மாய் நிறையும் என்று காத்திருப்பதற்கு ஒப்பாகும்.

கடன் வளரும் விதம்

பெரிய ஆபத்து ஒன்று நேர்ந்துதான் கடன் பெருகும் என்பதில்லை. எடுத்துக்காட்டாக, ஆறு ஏக்கர் கரிசலும் இரண்டு கறவை மாடுகளும் உடைய ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். சாகுபடிச் செலவு போக, கால்நடை வருமானமும் சேர்த்து, நல்ல ஆண்டில் 2,20,000 ரூபாயும், நடுத்தர ஆண்டில் 1,60,000 ரூபாயும், மெலிந்த ஆண்டில் 1,00,000 ரூபாயும் நிற்பதாகக் கொண்டால், மூன்றாண்டுச் சராசரி 1,60,000 ரூபாயாகும். வீட்டுச் செலவு ஆண்டுக்கு 1,45,000 ரூபாய். மேலாகப் பார்ப்பவருக்கு 15,000 ரூபாய் மீதம் என்றே தோன்றும்.

ஆனால் இக்குடும்பத்துக்குத் தனியாரிடம் மூன்று பைசா வட்டியில் 60,000 ரூபாயும், கூட்டுறவுச் சங்கத்தில் 10 வீத வட்டியில் 80,000 ரூபாய் நகைக்கடனும் இருப்பின், ஆண்டு வட்டி முறையே 21,600, 8,000 ஆக 29,600 ரூபாய். மீதமென்று தோன்றிய 15,000 மறைந்து, 14,600 ரூபாய் துண்டு விழுகின்றது. இத்துண்டு அடுத்த ஆண்டு புதுக்கடனாகி அதற்கும் வட்டி ஏறுகின்றது. இந்தக் குடும்பத்தில் யாரும் சோம்பேறியல்லர், யாரும் ஊதாரியுமல்லர். ஆயினும் கடன் வளர்கின்றது. கணக்கில்லாமையால் அது கண்ணுக்குப் படுவதில்லை.

"மூன்று பைசா" என்ற சொல் சிறிதாய் ஒலிப்பதும் ஏமாற்றத்துக்கு ஒரு காரணம். ரூபாய்க்கு மாதம் மூன்று பைசா என்பது நூற்றுக்கு ஆண்டுக்கு 36 ரூபாய். முதல் குறையாமல் வட்டி மட்டும் கட்டி வருபவர், 33 மாதம் 10 நாளில் முதலளவு தொகையை வட்டியாகவே கொடுத்து முடித்திருப்பார். முதலோ அப்படியே நிற்கும்.

சட்டங்களும் தள்ளுபடிகளும்

குடியானவர் கடனைக் குறித்து அரசாங்கம் நெடுங்காலமாகவே கவலை கொண்டு வந்திருக்கின்றது. சென்னை மாகாணத்தில் பிரெடரிக் நிக்கல்சன் 1895, 1897ஆம் ஆண்டுகளில் அளித்த அறிக்கைகளில், ஜெர்மனியில் ரைபீசன் தோற்றுவித்த கிராமக் கடன் சங்கங்களை எடுத்துக்காட்டினார். 1904ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. விலை வீழ்ச்சியால் குடிகள் நொந்திருந்த காலத்துக்குப் பின், 1938ஆம் ஆண்டின் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், முதலைப்போல் இருமடங்கு செலுத்தியிருந்த பழங்கடன்களைத் தீர்ந்தனவாகக் கொண்டது. இவ்வளவு இருந்தும், 1951-52ஆம் ஆண்டில் நடந்த அகில இந்திய கிராமக் கடன் ஆய்வில், குடியானவர் வாங்கிய கடனில் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பங்கு லேவாதேவிக்காரரிடமிருந்தும், 3 பங்கே கூட்டுறவுச் சங்கங்களிடமிருந்தும் வந்ததாகக் காணப்பட்டது. பிற்காலத்தில் தமிழகத்தில் 2006, 2016, 2021 ஆகிய ஆண்டுகளில் கூட்டுறவுப் பயிர்க்கடன்கள் தள்ளுபடி செய்யப்பட்டன. அப்படியிருந்தும் 2019ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வில், நாடு முழுவதும் விவசாயக் குடும்பங்களில் பாதிக்கு மேற்பட்டவை கடன்பட்டிருந்தன. சராசரிக் கடன் குடும்பத்துக்கு 74,121 ரூபாய்.

இதன் காரணம் வெளிப்படை. தள்ளுபடி பழைய கடனை நீக்குமேயன்றி, ஆண்டுதோறும் விழும் துண்டை நீக்காது. மேலும் கூட்டுறவுக் கடன் தள்ளுபடி, தனியாரிடம் வாங்கிய மூன்று பைசாக் கடனைத் தொடுவதே இல்லை. தள்ளுபடி வருமென்று தவணை கடத்துபவர் வட்டிச் சலுகையையும் இழந்து, அடுத்த பருவத்துக்குத் தனியாரையே நாட நேரிடும். துண்டை அடைக்க வல்லவர் குடும்பத்தார் மட்டுமே.

கணக்கேடு எழுதும் முறை

இதற்குப் பெரும் படிப்பு வேண்டியதில்லை. நூறு பக்க நோட்டு ஒன்று போதும். பள்ளி செல்லும் பிள்ளை இரவில் கால்மணி நேரம் எழுதிவிடலாம். குடும்பத்தலைவரும் தலைவியும் உடனிருந்து சொல்லல் வேண்டும்.

1. கடன் பக்கம்: ஒவ்வொரு கடனுக்கும் வாங்கிய தேதி, முதல், வட்டி வீதம், அடகு வைத்த பொருள், எழுதிக்கொடுத்த பத்திரம் ஆகியவற்றைக் குறித்தல். பக்கத்துக் கடைப் பாக்கியும் கைமாற்றும் இதில் சேரவேண்டும்.

2. சாகுபடிப் பக்கம்: காடுவாரியாக உழவு, விதை, உரம், கூலி, மகசூல், விற்ற விலை. எந்தக் காடு கூலிக்குக்கூடக் கட்டவில்லை என்பது இரண்டே ஆண்டில் தெரிந்துவிடும்.

3. வீட்டுப் பக்கம்: உணவு, துணி, படிப்பு, வைத்தியம், விசேஷம், கைச்செலவு எனப் பிரித்து எழுதுதல். விற்காமல் வீட்டுக்கு வைத்துக்கொண்ட தானியத்தையும் சந்தை விலையில் வரவிலும் செலவிலும் காட்டவேண்டும்.

4. மொய்ப் பக்கம்: தம் வீட்டு விசேஷத்தில் வந்த மொய் வருமானமன்று; பிறர் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்யவேண்டிய கடனே ஆகும். அவ்வாண்டில் எதிர்பார்க்கும் விசேஷங்களைத் தையிலேயே கணக்கிட்டுத் தொகையை ஒதுக்கிவிட்டால், ஆவணியில் மூன்று பைசா வட்டிக்கு வாங்கி மொய் எழுதும் அவலம் நேராது.

மெலிந்த ஆண்டை அளவாகக் கொள்ளுதல்

நல்ல ஆண்டின் வரவைக் கொண்டு செலவை வகுப்பதே பலரும் செய்யும் தவறு. பருத்தி விலை ஏறிய ஆண்டில் உயர்த்திய செலவு, விலை இறங்கிய ஆண்டில் இறங்குவதில்லை. ஆகையால் மெலிந்த ஆண்டின் வரவுக்கு எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கிச் செலவை அமைத்து, நல்ல ஆண்டின் மிகுதியைக் கடனுக்கும் சேமிப்புக்கும் ஒதுக்கவேண்டும். மேற்கண்ட குடும்பம் தேநீர்க்கடை, புகையிலை, மது ஆகிய வகையில் நாளொன்றுக்கு 40 ரூபாய் குறைத்தால் ஆண்டுக்கு 14,600 ரூபாய். விசேஷச் செலவில் 8,000. கொல்லையில் காய்கறியும் வரப்பில் பயறும் வைத்து, சாமான்களைக் கடன்சிட்டை இன்றி மொத்தமாக வாங்குவதில் 7,400. ஆக 30,000 ரூபாய் மிச்சப்படும். செலவு 1,15,000 ஆகும். பிள்ளைகளின் பால், படிப்பு, மருந்து ஆகியவற்றில் கைவைப்பது சிக்கனமன்று. பின்னர் பெருஞ்செலவுக்கு வழிகோலுவதே ஆகும்.

கடனைத் தீர்க்கும் வரிசை

வட்டி மிகுந்த கடனை முதலில் தீர்க்கவேண்டும். தொகை பெரிதா, கேட்பவர் குரல் பெரிதா என்று பார்த்தலாகாது. வீட்டில் சும்மா இருக்கும் நகை இருப்பின், அதற்குரிய பெண்ணின் முழுச் சம்மதத்துடன் கூட்டுறவுச் சங்கத்தில் வைத்து 60,000 ரூபாய் பெற்று, தனியார் கடனை ஒரே தடவையில் முடித்துவிடலாம். வட்டி 21,600 ரூபாயிலிருந்து 6,000 ரூபாயாகக் குறையும். அப்பொழுது மொத்தக் கடன் 1,40,000, வட்டி 14,000. சராசரி மீதம் 45,000 ரூபாயில் வட்டி போக 31,000 முதலில் கழியும். இரண்டாம் ஆண்டு இறுதியில் 74,900 ரூபாயும், மூன்றாம் ஆண்டு இறுதியில் 37,390 ரூபாயும் நிற்கும். நான்காம் ஆண்டில் நகை வீடு திரும்பும். இடையில் மழை பொய்த்தால் ஓரிரண்டு ஆண்டு நீளலாம்; எனினும் முடிவு கண்ணுக்குத் தெரிகின்றது. ஆனால் கடனை மாற்றிய பின் மறுபடியும் கைமாற்று வாங்கத் தொடங்கினால் ஒரு கடன் இரண்டாகும். அவ்வாறு செய்வதினும் மாற்றாதிருத்தலே மேல்.

கடன் பணத்தை மகசூல் விற்ற அன்றே செலுத்துதல் நலம்; வீட்டில் தங்கிய பணம் செலவைத் தேடிக்கொள்ளும். செலுத்தும் ஒவ்வொரு தொகையையும் புரோநோட்டின் பின்புறம் வரவு வைக்கச் செய்து, ரசீதும் பெறவேண்டும். கடன் தீர்ந்தவுடன் பத்திரத்தைத் திரும்ப வாங்கிவிட வேண்டும். வெற்றுத் தாளிலோ தொகை எழுதாத நோட்டிலோ கையெழுத்திடுதல் எக்காலத்தும் கூடாது.

சாகுபடிச் செலவுக்குத் தனியாரை நாடுவதும் தவிர்க்கக் கூடியதே. 1998ஆம் ஆண்டில் தொடங்கிய கிசான் கிரெடிட் கார்டு வழியாகப் பெறும் பயிர்க்கடனைத் தவணையில் செலுத்துபவருக்கு வட்டிச் சலுகை உண்டு. தமிழகக் கூட்டுறவுச் சங்கங்களில் தவணை தவறாதவருக்குப் பயிர்க்கடன் வட்டியின்றியே கிடைக்கின்றது. 2016ஆம் ஆண்டில் ஏற்பட்ட பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்திலும் காலத்தே சேர்ந்துகொள்ளல் வேண்டும். களத்திலேயே வந்த விலைக்கு விற்றுவிடாமல், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் வைத்துப் பொருளீட்டுக் கடன் பெற்று விலைக்குக் காத்திருத்தலும் பயன் தரும்.

கிராம அலுவலர் கடமை

பயிர்க்கடனுக்கும் காப்பீட்டுக்கும் அடங்கல் ஆதாரமாதலால், கிராம நிர்வாக அலுவலர் காட்டை நேரில் கண்டு பயிரையும் பரப்பையும் பிழையின்றிப் பதிதல் வேண்டும். ஒரு வரிப் பிழை ஒரு குடும்பத்தின் இழப்பீட்டையே போக்கிவிடக்கூடும். கந்து வட்டி, மீட்டர் வட்டி முதலிய கொடுவட்டி வாங்குதல் 2003ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்பதை ஊரார் அறியச் செய்தலும் நன்று. இழிவுக்கு அஞ்சி மறைப்பவரே மிகுதியும் துன்புறுகின்றனர்.

"கடனில்லாக் கஞ்சி கால் வயிறு" என்று முன்னோர் சொன்னது கால் வயிற்றோடு இருக்கவேண்டும் என்பதற்கன்று; கடனில்லாதவனுக்கு அதுவே நிறைவு என்பதற்காகும். வரும் தை மாதம் முதல் தேதியில் மொய் நோட்டின் பக்கத்தில் இன்னொரு நோட்டையும் வைத்து, முதற்பக்கத்தில் கடன்கள் யாவற்றையும் மறைக்காமல் எழுதும் குடும்பம், கடன் தீர்க்கும் வேலையில் பாதியை அன்றே முடித்ததாகும்.